டோக்கன் வீடு

கடல் வீட்டை எடுத்துக்கொண்டு போன அன்று வச்சலாவுக்கு அழக்கூட நேரமில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷன் ஜம்புலிங்கத்தைப் பாயோடு தூக்கித் தம்பி தேவாவின் ஆட்டோவில் ஏற்றுவதற்குள் சமையல்கட்டுச் சுவர் சரிந்தது. திரும்பிப் பார்த்தால் கூடத்தைக் காணோம். அந்த வரிசையில் இருந்த வீடுகள் எல்லாம் அதே வாரத்தில் போயின. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வீடா போனது.

குப்பத்து ஜனங்களைப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் ஹாலில் கொண்டுபோய் அடைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு மூலை என்றால் ஹாலுக்கு நாலு மூலைதானே. மூலை கிடைக்காதவர்கள் நடுவில் கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டார்கள். ஜம்புலிங்கம் அப்படியொரு புடவைக்குப் பின்னால் கிடந்து இருமினான். அவனுக்கு நுரையீரலில் கட்டி. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா வச்சலாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று தோளைத் தட்டி அனுப்பியிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வச்சலாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் சொன்னார்கள். பார்ப்பதற்கு வீடுதான் இல்லாமல் போனது.

ஹாலுக்கு வந்த சில நாளில் ஜம்புலிங்கம் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"இத்தினி பேரு பாத்துகினு கீறப்போ என்னால சாவ முடியாதும்மே. ஒரு கதவு இருந்தா போதும்."

"கதவுதான? நான் பாக்கறேன். நீ கம்முனு படு," என்றாள் வச்சலா.

பெரிதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

அரசாங்கத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். குப்பத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் டோக்கன்தான், அதனால் இதுவும் டோக்கன். புது வீடு கட்டித் தரும்வரை வாடகையை அரசாங்கமே கொடுக்கும். ஆனால் வீட்டை நாமே தேடிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு பேங்க் நம்பரைக் கொடுத்தால் மாதா மாதம் அவர் கணக்கில் பணம் விழும். பொங்கலுக்குள் வீடு பார்க்காவிட்டால் டோக்கன் செல்லாது. கேட்பதற்கு எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! வெயிலில் ஏறி இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய தெருக்கள் வச்சலாவுக்கு அத்துப்படி. கல்யாணமான புதிதில் ஆரம்பித்து மீன் கூடை சுமந்த தெருக்கள். அங்கே இல்லாத ஜனமே கிடையாது. பாசிமணி விற்கும் காஷ்மீர்க்காரர்கள் ஒரு பக்கம், ஓட்டல்களில் சமைக்கும் நேபாளத்துப் பையன்கள் ஒரு பக்கம், கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் பிடிக்கும் குடும்பங்கள், நாள் முழுக்க உளி தட்டும் சிற்பக் கூடங்கள், யோகா கற்றுக்கொடுக்கும் வெள்ளைக்கார அம்மா. எல்லோருக்கும் இடம் இருந்தது. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மட்டும் இல்லை. ஒரு வீட்டில் மீன் நாற்றம் என்றார்கள், காலையில் அவளிடம் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட கை காய்வதற்குள். இன்னொரு வீட்டில் அரசாங்கப் பணம் இரண்டு மாதம் வரும், மூன்றாம் மாதம் யாரைக் கேட்பது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் வச்சலாவுக்குப் பட்டது.

ரெஜினா ஒருத்திதான் உட்காரச் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் தங்குகிற லாட்ஜ் வைத்திருந்தவள், வச்சலாவிடம் தினமும் பேரம் பேசிப் பேசியே சிநேகமானவள். பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, டோக்கன் பரவாயில்லை என்றாள். அப்புறம், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அக்கறையாகக் கேட்டாள். அக்கறையாகக் கேட்டால் வச்சலாவுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரெஜினாவின் முகம் மாறிப்போனது. ஏதாவது ஆகிவிட்டால் தங்கியிருக்கிறவர்கள் எல்லோரும் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள், என் பொழைப்பே அதில்தானே இருக்கிறது அக்கா என்றாள். சொல்லும்போது அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்து என்ன செய்ய, அறை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் புரோக்கர் ஜெகதீசனைப் பிடித்தாள். அவன் அவள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா நீ, பச்சப்புள்ளயாட்டம்! வாடக வூட்ல சாவு வுழக்கூடாதுக்கா. அதான் ரூலு. போற மாதிரி தெரிஞ்சா முன்னாடியே ஆளத் தூக்கிகினு வெளிய போய்டணும். சீக்காளி கீறான்னு எங்கயும் வாயத் தொறக்காத."

வச்சலா வாழ்நாளில் வாடகை வீட்டில் இருந்ததில்லை. குப்பத்தில் யாருமே இருந்ததில்லை. பிறந்தது, புகுந்தது எல்லாம் மணலில் சொந்தச் சுவர்தான். சாவு விழுந்தால் அந்த வீட்டு வாசலில் பந்தல் போடுவார்கள், அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. அதனால் வாடகை வீடு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது போலிருக்கிறது என்று நம்பிவிட்டாள். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது மாதிரி எல்லோருக்கும் பொதுவான ரூல் என்று எடுத்துக்கொண்டாள். ஜெகதீசன் இன்னொன்றும் சொன்னான். டோக்கன்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போதும், அப்புறம் உங்கள் குப்பத்துக்காரர் ஒருவருக்கும் இந்த ஊரில் கதவு திறக்காது என்றான். ஹாலில் கயிறு கட்டிப் படுத்திருந்த அத்தனை பேரும் வச்சலாவின் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

ஜெகதீசன் காட்டிய வீடு பெருந்தேவியம்மாளுடையது. பெருமாள் கோயிலுக்குப் பின்னால், கடல் காற்று வரும் தெரு. மாடியில் அந்த அம்மாள் தனியாக இருந்தாள். புருஷன் வெங்கடராகவன் வாத்தியாராக இருந்து காலமாகிவிட்டார், பிள்ளை ஜெயந்த் வெளியூரில். கீழே ஓர் அறையும் சமையல்கட்டும் பூட்டிக் கிடந்தன. அம்மாள் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். புருஷனுக்கு என்ன என்று கேட்டதற்கு, படகில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, தேறி வருகிறான் என்றாள் வச்சலா. அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று ஜம்புலிங்கம் ஒரு காரியம் செய்தான். கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினாள். தாழ்ப்பாள் போடச் சொன்னான். போட்டாள். திறந்து மறுபடி போடச் சொன்னான். உனக்கென்ன பைத்தியமா என்று வச்சலா திட்டிக்கொண்டே போட்டாள். பழைய இரும்புத் தாழ்ப்பாள், விழும்போது நல்ல சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் சிரித்தான். ஹாலில் ஒருநாளும் சிரிக்காதவன். வச்சலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடலே எதிரில் வந்தாலும் இந்தக் கதவைத் தாண்டாது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவளுக்கு மறைக்கிற வேலைதான். அவன் இருமும்போதெல்லாம் பாத்திரத்தை உருட்டினாள். மருந்து வாசனை போக ஊதுவத்தி ஏற்றினாள். இரத்தம் பட்ட துணியைக் கூடைக்கு அடியில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோய் அலசினாள். மாடியிலிருந்து அம்மாள் எப்போதாவது ரசமோ புளியோதரையோ கொடுத்தனுப்பினாள். படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள், உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள். எட்டிப் பார்க்காதவரைக்கும் நிம்மதி என்று வச்சலாவும் இருந்தாள். ஒருநாள் அவன் நெத்திலிக் கருவாடு வேண்டும் என்றான். அம்மாளுக்குக் கொடுத்த சொல் மாறக்கூடாதே. ஹாலில் இருந்த சிநேகிதியிடம் சமைக்கச் சொல்லி டப்பாவில் மூடி எடுத்து வந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு விரலால் நாக்கில் தடவினாள். ரெண்டு தடவைதான் சப்பினான். போதும்மே, நம்ம வூடுன்னா நம்ம வூடுதான் என்றான்.

தை பிறந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஜம்புலிங்கத்தின் கால் சில்லிட்டுப் போயிருந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மாமனார் போன விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் வச்சலா. இதுவும் அதுதான் என்று தெரிந்துவிட்டது. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கத்தான் அவளுக்கு ஆசை. பாவி மனுஷி, ரூலை நினைத்தாள். வீடில்லாத நமக்கு இந்த அம்மாள் இடம் கொடுத்தாளே, அவள் வீட்டில் தீட்டை இறக்கலாமா என்று நினைத்தாள். இன்னும் ஹாலில் கிடக்கிறவர்களை நினைத்தாள். தேவாவுக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை அம்மாள் கோயிலுக்குப் போவாள். துளசி மாலையை எடுத்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும்வரை வச்சலா ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு இருவருமாக ஜம்புலிங்கத்தைத் தூக்கினார்கள். எடையே இல்லை. தேவா ஒரு தடவை நின்றான்.

"அக்கா, வோணாங்க்கா. இங்கயே வுட்ரலாம். அந்தம்மா கைல கால்ல வுழுந்து கேட்டுக்கலாம்."

"கேட்டு, அவுங்க முடியாதுன்னு சொல்லி, அத இவன் காதுல கேட்டுகினே போவணுமா? நீ தூக்குடா," என்றாள் வச்சலா.

எங்கே கொண்டுபோவது? வீடிருந்த இடத்தில் தண்ணீர். ஹாலுக்குப் போகமாட்டேன் என்றவன். குப்பத்தில் மிச்சமிருந்தது மீன் ஏலம் போடும் கொட்டகைதான், நாலு தூணும் மேலே தகரமும். ஆட்டோ மணலில் இறங்கும்போது ஜம்புலிங்கம் கண்ணைத் திறந்தான். வானத்தைப் பார்த்தான், வச்சலாவைப் பார்த்தான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"கதவ சாத்துனியாம்மே?" என்றான்.

"சாத்திட்டேன்யா," என்றாள் வச்சலா.

"தாப்பா?"

"போட்டுட்டேன்."

ஏலக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், நாலு பக்கமும் திறந்த இடத்தில், ஊர் ஜனம் சுற்றி நின்று பார்க்க, வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் போய்விட்டான்.

சங்கு ஊதினார்கள். இறங்க இருந்த படகுகள் கரையிலேயே நின்றன. மதியத்துக்கு மேல் ஓர் ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து பெருந்தேவியம்மாள் இறங்கினாள். செருப்பு மணலில் புதையப் புதைய நடந்து வந்தாள். குப்பத்துப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து வச்சலா எழுந்து கும்பிட்டாள். உங்க வீட்டில் ஒன்றும் ஆகவில்லை அம்மா, உசுரோடுதான் கொண்டுவந்தேன் என்றாள்.

"உன்னை யார் கொண்டுபோகச் சொன்னா?" என்றாள் அம்மாள். "எங்காத்துக்காரரும் அந்த ரூம்லதான் போனார். இதே இருமல். நீ இடுப்புல அடின்னு சொன்னப்பவே உன் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டேன்."

வச்சலாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கை தானாக மார்பில் அறைந்தது.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா!"

"நீ மறைக்கறியேன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு…" அம்மாள் முடிக்கவில்லை. ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். "இப்பவாவது ஆத்துக்குக் கொண்டு வாயேம்மா. அங்கேர்ந்து எடுக்கலாம்."

வச்சலா ஊர்ப் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். வெளியில் உயிர் போன உடம்பைத் திருப்பி வீட்டுக்குள் எடுத்துப்போவது குப்பத்தில் வழக்கமில்லை. அந்த ஒரு வழக்கத்தையாவது அன்றைக்குக் கடல் எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா. தேவா தூணில் சாய்ந்து கேவிக் கேவி அழுதான். அக்காவை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

சாயங்காலம் காரியமெல்லாம் முடிந்து தலை முழுகி ஈரப்புடவையோடு வச்சலா அந்த வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. காலையில் அவசரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் சாத்தவே இல்லை. பாயும், அவன் தலை பதிந்த தலையணையும் அப்படியே இருந்தன. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தம் நன்றாகக் கேட்டது. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள்.

பிறகு அந்தப் பாயில் உட்கார்ந்து, கடல் வீட்டை எடுத்த அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். மாடியில் அம்மாள் நடக்கும் சத்தம் கேட்டது. இருமல் இல்லாததால் வச்சலா பாத்திரத்தை உருட்ட வேண்டியிருக்கவில்லை.