மஞ்சள் அஞ்சு ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேசம்மா வேலைக்கு வந்தபோது வாட்ச்மேன் முருகன் கேட்டைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷமாக அவள் தலை தெரிந்ததுமே கேட்டைத் திறந்துவிட்டு, வீட்டில் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்கிறவன் அவன். இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துப் பேசினான். இரண்டாவது மாடி சுப்புலக்ஷ்மி அம்மாவின் செயினைக் காணோமாம். நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளப் பீரோவைத் திறந்தால் இல்லையாம். ஃபிளாட்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தேசம்மா பேரைப் போட்டு, யார் வீட்டிலும் அவளை விடவேண்டாம் என்று எழுதியாகிவிட்டதாம். வெளியூர் போன அசோசியேஷன் செக்ரட்டரி பன்னிரண்டு மணிக்கு வந்ததும் போலீசுக்குப் போகிறார்களாம்.

அந்த ஒரே கட்டிடத்தில் தேசம்மாவுக்கு மூன்று வீட்டில் வேலை. மூன்றும் போகும், போய்த் தொலையட்டும். ஆனால் திருடி என்று ஒருதடவை பேர் விழுந்துவிட்டால் சாந்தோம் முதல் மந்தைவெளி வரை எவளும் தன் அடுப்படியில் அவளைச் சேர்க்கமாட்டாள். பட்டினப்பாக்கத்தில் அவள் தெருவில் குழாயடியில் நிற்கக்கூட முடியாது. ஒன்பது வருஷத்தில் ஒரு வெள்ளி ஸ்பூன் காணாமல் போயிருக்குமா? அதை நினைத்ததும் பயத்தோடு கோபமும் வந்தது.

அந்தச் செயினை அவளுக்குத் தெரியாதா என்ன? லட்சுமி டாலர் கோத்த மெல்லிசுச் செயின். பிள்ளையார் சதுர்த்திக்கு சதுர்த்தி சுப்புலக்ஷ்மி அதைக் களிமண் பிள்ளையார் கழுத்தில் போட்டு, மேலே எருக்கம்பூ மாலை சாத்துவாள். மறுநாள் செயினைக் கழற்றிக்கொண்டு பிள்ளையாரைக் கரைப்பார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளையார் தொப்புளில் ஒற்றை ரூபாய் அழுத்துவார்கள் என்றால், இந்த வீட்டில் மட்டும் மஞ்சள் நிற அஞ்சு ரூபாய்தான். இந்த வருஷம் புதுசாக ஒரு மஞ்சள் அஞ்சு ரூபாய் கிடைக்காமல், கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தவளே தேசம்மாதான். செயினைப் போட்டதை அவள் பார்த்தாள். கழற்றியதைப் பார்க்கவில்லை.

முருகன் மூலம் இதைச் சொல்லி அனுப்பியதும் சுப்புலக்ஷ்மி கீழே இறங்கி வந்தாள். அறுபது வயது, இரவு முழுக்க அழுத முகம்.

"நானே கழட்டி பீரோல வச்சேன், தேசம்மா. இந்தக் கையாலதான் வச்சேன். நான் என்ன பொய் சொல்லிண்டு நிக்கறேனா?"

சும்மா சொல்லக்கூடாது, அவள் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் அதே செயினைக் கழற்றி அதே பீரோவில் வைத்த கைதான் அது. போன வருஷத்து ஞாபகம் இந்த வருஷத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் யார் கண்டுபிடிப்பது? அதோடு, தேசம்மாவிடம் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. போன வியாழக்கிழமை அவர்கள் காஞ்சிபுரம் போயிருந்தபோது தனியாக வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போனதும் அவள்தான். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்.

இந்தக் கட்டிடத்தில் பிள்ளையாரைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. பதினொரு வீட்டுப் பிள்ளையாரையும் கார் நிறுத்துமிடத்தில் ஒரே தொட்டியில் கரைத்து, அந்தச் சேற்றை முருகன் ஒன்பது பிளாஸ்டிக் பூந்தொட்டிகளில் வாரிப் போட்டிருந்தான். மழைக்குப் பிறகுதான் செடி வைப்பார்கள். பத்து நாள் வெயிலில் மண் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் அதில் தேட விடுங்கள், நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள் என்று தேசம்மா கெஞ்சினாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை. செயின் கிடைத்தால் சரி என்று சுப்புலக்ஷ்மி தலையாட்டினாள்.

தேசம்மா தம்பிக்குப் போன் போட்டாள். வேதநாயகம் ஏசி மெக்கானிக். நகையும் காசும் தேடுகிற மெட்டல் டிடெக்டர் ஒன்றை ஆசைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் விடிகாலையில் பட்டினப்பாக்கம் மணலில் காதில் ஹெட்போனோடு உலாத்துகிறவன். இரண்டு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்தது எல்லாம் சோடா மூடியும் ஒரு கொலுசுத் திருகும்தான். குப்பை பொறுக்க இவ்வளவு பெரிய மிஷினா என்று தேசம்மா அவனைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. இன்றைக்கு அவளே, "நைனா, அந்த மிஷின எத்துக்கினு ஓடியா" என்றதும், அவன் காரணம்கூடக் கேட்கவில்லை.

பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தான். மூன்று துண்டுக் கம்பியை ஒன்றில் ஒன்று செருகி, அடியில் தட்டு மாதிரி இருந்த வட்டத்தைத் திருகினான். வட்டத்திலிருந்து வந்த ஒயரைக் கம்பியோடு இறுக்கிச் சுற்றினான். ஒயர் தொளதொளவென்று ஆடினால் மிஷின் சும்மா சும்மா கத்துமாம். தேசம்மாவுக்கு அவன் கையைப் பிடித்து வேகப்படுத்தலாம் போலிருந்தது. அவன் குனிந்தபடியே மெல்லச் சொன்னான்.

"யக்கா, கெடச்சாலும் நாம கை வைக்கக்கூடாது. நாமளே கொண்டாந்து போட்டோம்னுவாங்க. சவுண்டு வர்ற எடத்த நான் காட்றேன். அந்தம்மாவே எடுக்கட்டும்."

அது அவளுக்குத் தோன்றவேயில்லை. செயின் கிடைத்தால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தாள். கிடைத்தாலும் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது.

மிஷின் உயிர் பெற்று ஒரு சத்தம் போட்டதும் சுப்புலக்ஷ்மி படியில் நின்றபடி, முதலில் அதைத் தேசம்மாவின் பை மேல் காட்டச் சொன்னாள். முடியாது என்று சொல்ல வேதநாயகம் வாயைத் திறந்தான். தேசம்மா அதற்குள் பையைத் தரையில் வைத்துவிட்டாள். மிஷின் வீல் என்று கத்தியது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். டிபன் டப்பா, நாலைந்து ஊக்கு, ஜெபமாலை, கடைசியில் அந்த வீட்டுச் சாவி. மாடி பால்கனிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் அழவில்லை. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுவருக்குள் கம்பி இருப்பதால் தொட்டிகளைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. முருகனும் வேதநாயகமும் காரில்லாத இடத்துக்கு ஒன்பதையும் இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டார் ஓடியது. மோட்டார் ஓடினால் மிஷின் உளறும். மேலே டேங்க் நிரம்பாமல் நிறுத்தினால் தன் வேலை போய்விடும் என்றான் முருகன். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றதில் இருபது நிமிஷம் போயிற்று. தேசம்மா மனசுக்குள் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டாள், கூடவே பிள்ளையாரையும் கூப்பிட்டாள். மண்ணுக்குள் இருக்கிறவர் அவர்தானே.

மோட்டார் நின்றது. தங்கத்துக்கு மிஷின் கத்துகிறதா என்று பார்க்க, தேசம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றித் தரையில் வைக்கச் சொல்லி, அதன் மேல் வட்டத்தை ஆட்டினான் வேதநாயகம். சத்தமே வரவில்லை. தேசம்மாவுக்குப் பகீரென்றது. கடற்கரையில் ஜிகினாத் தாளும் குட்கா பாக்கெட்டும் கத்திக் கத்தி உயிரை எடுப்பதால், அதையெல்லாம் கேட்காதே என்று மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தானாம். சின்னத் தங்கமும் அதற்கு ஜிகினா மாதிரிதானாம். மெல்லிசுச் செயின் என்றால் இன்னும் மோசம். அந்த வடிகட்டலை எடுத்துவிட்டான். தோடு முனகியது. இனிமேல் எல்லாமே கத்தும், எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆகவேண்டும் என்றான்.

முதல் தொட்டியில் கத்தியது. சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டாள். ஒரு ரூபாய். அடுத்ததில் மெல்லிசாக முனகியது. வந்தது பிள்ளையார் குடையில் ஒட்டுகிற ஜிகினாத் துண்டு. மூன்றாவது தொட்டியில் இரண்டு ஒற்றை ரூபாய். நாலாவதில் குண்டூசி. இப்படியே ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு ஏறுவதும், மண்ணிலிருந்து வந்ததைப் பார்த்ததும் இறங்குவதுமாக, எட்டுத் தொட்டிக்குள் பத்து ஒற்றை ரூபாய் வந்துவிட்டது. சுப்புலக்ஷ்மியின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. பதினொன்றரை ஆகிவிட்டது.

ஒன்பதாவது தொட்டி வாயே திறக்கவில்லை. வேதநாயகம் குறுக்கே, நெடுக்கே, சுற்றிலும் ஆட்டிப் பார்த்தான். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பரப்பியும் பார்த்தான். ஒன்றுமில்லை. மிஷினைத் தரையில் ஊன்றிவிட்டு அக்காவைப் பார்த்தான். தேசம்மா வெளியே வந்த காசுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றாள் சுப்புலக்ஷ்மி. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான்தான் சொன்னேனே, பீரோல வச்சேன்னு."

"உங்க வூட்டு அஞ்சு ரூபா இன்னும் வரலியேம்மா" என்றாள் தேசம்மா.

சுப்புலக்ஷ்மி நின்றாள்.

"வந்ததெல்லாம் ஒத்த ரூபா. பத்து வூட்டுது. உங்களுது மஞ்சா அஞ்சு ரூபா, நான்தானே வாங்கியாந்தேன். அது எங்க? அது கெடைக்காம எனுக்கு எப்டி திருட்டுப் பட்டம் கட்டுவீங்க?"

பத்துக் காசையும் சுப்புலக்ஷ்மி திரும்ப ஒருதடவை பார்த்தாள். முருகன் தலையைச் சொறிந்தான். பிறகு, திட்டு விழுமோ என்று பயந்தவன் போல இழுத்து இழுத்துச் சொன்னான். ஒரு பெரிய கட்டி கரையவே இல்லையாம். உடைத்துப் பார்த்தும் முடியாமல், தோட்டத்துத் தண்ணீர் டிரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதே என்று அதன் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டானாம். விக்கினம் தீர்க்கிற சாமியை டிரம்முக்கு முட்டுக் கொடுத்த மகராசன். இதை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்னவாம்.

ஓடினார்கள். ஆளுயர பிளாஸ்டிக் டிரம், கழுத்து வரை தண்ணீர். அதன் அடியில் களிமண் கட்டி ஒன்று நசுங்கிப் பிதுங்கி, காய்ந்து இறுகிக் கிடந்தது. வேதநாயகம் வட்டத்தை அருகே கொண்டுபோனான். மிஷின் கத்தியது. உலோகத்துக்கு ஏற்ப நம்பர் மாறுகிற மிஷின் திரையை அவன் பார்த்தான்.

"யக்கா, நம்பர் வேற. ஒத்த ரூபா இல்ல இது."

பதினொன்று ஐம்பது. டிரம்மில் தண்ணீரோடு அசைக்க முடியாது. நாலு பேரும் வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். பாதி காலியானபோது கேட்டுக்கு வெளியே கார் ஹாரன் அடித்தது. செக்ரட்டரி வந்துவிட்டார். முருகன் கேட்டைத் திறக்க ஓடினான். மிச்சத் தண்ணீரோடு வேதநாயகம் டிரம்மைத் தோளால் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். எடுங்கம்மா என்று தேசம்மா கத்தினாள். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுப்புலக்ஷ்மி கட்டியை இழுத்துத் தரையில் ஓங்கிப் போட்டாள். உடையவில்லை. மறுபடி போட்டாள். முதலில் ஒரு குன்றிமணிக் கண் தெறித்து ஓடியது. பிறகு வயிறு பிளந்து மஞ்சள் அஞ்சு ரூபாய் விழுந்தது. மூன்றாம் தடவை கட்டி இரண்டாகப் பிளந்தபோது, கழுத்து இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாகப் பதிந்து லட்சுமி டாலர் தெரிந்தது.

காரிலிருந்து இறங்கிய செக்ரட்டரி அப்படியே நின்றார். ஒரு டிரம் தண்ணீருக்கு அடியில், காய்ந்த மண்ணுக்குள் இருந்த செயினை யார் கொண்டுவந்து வைத்திருக்க முடியும்? சுப்புலக்ஷ்மி டாலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்று அவரிடம்தான் மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு மண் கையோடே போனை எடுத்து குரூப்பில் எழுதினாள். தேசம்மா தம்பியைப் படிக்கச் சொன்னாள். முருகனின் போனை வாங்கி வேதநாயகம் படித்தான். செயின் கிடைத்துவிட்டது, விநாயகர் கிருபை, அனைவருக்கும் நன்றி. அவ்வளவுதான் இருந்தது.

"என் பேரு எங்கம்மா?" என்றாள் தேசம்மா. "காணாத அன்னிக்கி இருந்துச்சே."

சுப்புலக்ஷ்மிக்கு முகம் வெளுத்தது. செக்ரட்டரி வேறு பக்கம் பார்த்தார். அவள் மறுபடி போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தேசம்மா எடுக்கவில்லை, பிள்ளையார் கழுத்திலிருந்து கழற்ற மறந்தது நான்தான், தப்பு என்னுடையது. எழுதி முடித்துவிட்டு, "நாளைக்கு வந்துடு தேசம்மா. மனசுல வச்சுக்காதே" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். தேசம்மாவுக்கும் அவள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஒன்பது வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவர்கள்.

ஆனால் மனசு விட்டுப்போய்விட்டது.

வேதநாயகம் இன்னும் மிஷினை நிறுத்தவில்லை. தேசம்மா பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, உடைந்த பிள்ளையார் மண்ணின் மேல் வைத்தாள். பக்கத்தில் கிடந்த மிஷின் வீல் என்று கத்தியது. சுப்புலக்ஷ்மி திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள்.

"அதையும் நீங்களே எடுத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தேசம்மா கார் நிறுத்துமிடத்தில் கழற்றி வைத்த தோட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.