செத்தவர் பேரில் நாலாம் நிலை

“எம்பேரையும் ஒரு சீட்டுல எழுதிப் போடுங்க.”

சாவடிக்குள் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உமாதேவி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தாள். அந்தப் படியில் பெண்கள் ஏறுவதில்லை. ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் ஏறாததால் தெரிந்துகொள்ள வழியுமில்லை.

“எதையும் கேளு ஆத்தா, சாவடியில போயி நெலைய மட்டும் கேட்றாத” என்று அவள் அம்மா பஞ்சம்மாள் இரண்டு வருஷமாகத் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள்.

முல்லையாற்றில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், ஊருக்குக் கீழே இருக்கிற தடுப்பணையில் மீன் வந்து குவியும். சுவரின் மேல் பன்னிரண்டு பேர் நின்று தூண்டில் போடலாம். ஒரு ஆள் நிற்கிற இடத்துக்கு நிலை என்று பேர். திறந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிச் செம்பில் போட்டுக் குலுக்குவார்கள். முதலில் வருகிற பன்னிரண்டு பேருக்கு, சீட்டு வந்த வரிசைப்படி, வருஷம் முழுக்க நிலை. ஷட்டரை ஒட்டிய நாலாம் நிலைக்குத்தான் போட்டி. அங்கே தூண்டிலைப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைக்க நேரமிருக்காது.

செம்பை மடியில் வைத்திருந்த கோட்டைச்சாமி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். ஊர்ப்பெரியவர், உறவுக்குப் பெரியப்பா முறை.

“ஒங்க வீட்டுச் சீட்டு உள்ளதான் தாயி கெடக்கு.”

“அது எங்கப்பா பேருல கெடக்கு.”

“ஆமா. அம்மாவாசி பேருல.”

“அவுக செத்து ரெண்டு வருசம் ஆச்சு.”

பின்வரிசையில் தூணில் சாய்ந்திருந்த சுருளிராஜன்தான் முதலில் வாயைத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன்.

“சீட்டெல்லாம் நீதான எழுதிக் குடுக்கிற? கமுக்கமா ஒம்பேர எழுதி உருட்டிப் போட்டிருந்தா எவனுக்குத் தெரியும்?”

“களவாண்டு நிக்கிறதுன்னா எப்பவோ நின்னுருப்பேன்லே. கேட்டு நிக்கணும்னுதான் வந்திருக்கேன்.”

சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. சுருளிராஜன் சொன்னது உண்மைதான். அந்த ஊரில் கல்லூரி முடித்த முதல் பெண் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை, வருஷா வருஷம் முப்பத்தொரு சீட்டைக் குண்டு குண்டாக எழுதித் தருகிற வேலை. அதில் ஒன்றில் செத்துப்போன அப்பாவின் பெயரைத் தன் கையாலேயே இரண்டு முறை எழுதியிருக்கிறாள். இந்த முறையோடு மூன்று.

அப்பா பெயரில் விழுகிற நிலையில் நிற்பவர் சித்தப்பா சுந்தரலிங்கம். அவர் பெயருக்கும் தனிச் சீட்டு உண்டு. ஆக அவருக்கு இரண்டு வாய்ப்பு. அண்ணன் வீட்டுப் பங்கு என்று சாயங்காலம் ஒரு சட்டியில் மீன் கொண்டுவந்து வைப்பார். கட்லா, ரோகு என்று பெரிய மீனெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. சட்டியில் இருப்பது முள்ளுக் கெண்டையும் விரல் நீளக் கெளுத்தியும்தான். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் திரும்புகிற நேரத்தில் ஸ்டாண்டில் அடுப்பு வைத்து மீன் பொரித்து விற்கிற அம்மா, அதை வைத்துத்தான் கடையை ஓட்டுகிறாள். பாதி நாள் சட்டியே வராது. அன்றைக்கு அடுப்பும் எரியாது.

“பொம்பளப்புள்ள சொவத்துல நின்னா மீனு வெலகிப் போயிரும்மா” என்றார் ஒருவர்.

“மீனுக்கு யாரு போயிச் சொல்றா, நிக்கிறது பொம்பளைன்னு?”

இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் வந்தது. கோட்டைச்சாமி கையைத் தூக்கி அமர்த்தினார்.

“இந்தா பாரு உமா. கோவிச்சுக்கிற வேணாம். மேல அரசமரத்து மடு இருக்கில்ல, நீ தூண்டி போடுற எடம். அத ஒம்பேருக்கே விட்டுர்றோம். இனி ஒரு பய அங்கன எட்டிப் பாக்க மாட்டான். நீ படிச்ச புள்ள. ஒனக்குத்தான் கூட்டம் ஆகாதே, அமைதிதான புடிக்கும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல தீர்ப்பு சொன்ன நிம்மதி எல்லா முகத்திலும் இருந்தது.

அமைதி. யார் சொன்னார்கள் அவளுக்கு அமைதி பிடிக்கும் என்று? சுவரில் ஏறக் கூடாது என்றார்கள், மடுவுக்குப் போனாள். மடுவுக்குப் போவதைப் பார்த்து அமைதி பிடித்தவள் என்றார்கள். கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பியும் தொலைத்தாள். ஒருநாள் மரநிழல் விழுந்த தண்ணீரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தாள். கூடப் படித்த திரிஷா சென்னையிலிருந்து ‘குடுத்து வச்சவடி’ என்று அனுப்பினாள். அதைப் பார்த்தபோது தூண்டில் தக்கை அசையாமல் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த மடுவில் தண்ணீர் ஓடாது, சுற்றும். தூண்டில் முள் வேரில் மாட்டும், கயிற்றை அறுக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் இழுத்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பாள். எழுந்து நிற்பாள், உட்காருவாள், கொசுவை அடிப்பாள். கீழே சுவரிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். “ஏலே, மாட்டிருச்சுலே, விடாத விடாத!” ஒருத்தன் கயிறு இன்னொருத்தன் கயிற்றில் சிக்கிக்கொள்ளும், தாயைத் தமக்கையை இழுத்து வைவான், அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைப்பார்கள். அவளுக்கு அந்த வசவு வேண்டும். அந்த நெரிசல் வேண்டும். அவள் கை வேகமான கை. சுண்டியதும் இழுக்கிற கை. அதை மடுவில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அப்பா இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்றால், மாட்டார். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அவரும் தலையாட்டியிருப்பார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“எனக்கு மடு வேணாம் பெரியப்பா. அங்கன மீனு இல்லைன்னு ஒங்களுக்கே தெரியும். தெரிஞ்சுதான் குடுக்குறீக.”

கோட்டைச்சாமியின் முகம் மாறியது. செம்பைத் தூக்கிக் குலுக்கினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கண்ணை மூடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தார். ஆட்கள் விசிலடித்தார்கள். நாலாவது சீட்டைப் பிரித்தவர் ஒரு கணம் தயங்கினார்.

“அம்மாவாசி.”

“பாத்தியா, மனுசன் போயிம் நாலாம் நெலைய விட மாட்டேங்கிறாரு” என்றான் சுருளிராஜன்.

சுந்தரலிங்கம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வழக்கம்போலக் கையை நீட்டினார். அவர் கைக்கு வருமுன் உமாதேவி சீட்டை எடுத்துவிட்டாள். அவளுடைய குண்டு எழுத்து.

“குடு புள்ள” என்றார் சித்தப்பா. குரல் இன்னும் சாதாரணமாகத்தான் இருந்தது.

“தாலுகாபீசுக்கு நாந்தான் நடையா நடந்து வாரிசுச் சான்றிதழ் வாங்குனேன். அதுல ரெண்டே பேரு. எங்கம்மா, நான். ஒங்க பேரு அதுல இல்ல சித்தப்பா.”

“தாலுகாபீசுக் காயிதம் சாவடியில செல்லாது” என்றார் கோட்டைச்சாமி.

“செத்தவுக பேரு மட்டும் செல்லுதா?”

யாரும் சிரிக்கவில்லை. சுந்தரலிங்கம் அவளை நெருங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். “யோசிச்சுப் பேசு. இன்னிக்கு நீ இதக் கொண்டு போனேன்னா, நாளைலருந்து ஒங்க வீட்டுப் பக்கம் சட்டி வராது. ஒங்காத்தா அடுப்புல எதப் பொரிப்பா?”

உமாதேவி வாசலைப் பார்த்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் பஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“நான் புடிக்கிறதப் பொரிப்பாக” என்றாள் உமாதேவி.

“ஏ, நில்லு தாயி. இன்னும் எட்டுச் சீட்டு இருக்கு. முடிச்சிட்டு ஒக்காந்து பேசுவோம்.” கோட்டைச்சாமியின் குரலில் இப்போது கெஞ்சல்போல ஒன்று இருந்தது.

உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் வரை பேசுவார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள், அவள் அடுத்த வருஷமும் முப்பத்தொரு சீட்டு எழுதுவாள். இந்தப் படியில் காலை வைக்கும்போதே அதையெல்லாம் யோசித்து முடித்தாயிற்று.

“நீங்க மத்ததக் குலுக்குங்க பெரியப்பா. நாலுக்கு ஆள் வந்தாச்சு.”

செருப்பை மாட்டக்கூடப் பொறுமையில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, தடுப்பணைக்குப் போகிற மண்பாதையில் விறுவிறுவென்று இறங்கி நடந்தாள்.