ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு குரல்

எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பேசவும் தெரியாது. சாந்தோமில் எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர்கள். நான் ஒருத்திதான் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பதிவான குரல்களைச் சீர்செய்து பிழைக்கிறேன். ‘டெல்பின் கை பட்டால் தகரக் குரலும் தேறிவிடும்’ என்று நாலு பேர் சொல்வார்கள். ஐந்தாவது ஆளாக நானும் சொல்வேன்.

அந்தக் கர்வத்துக்குத் தி.நகரில் ஓர் அடி விழுந்தது.

ஐந்து மாடித் துணிக்கடை. முதலாளி முத்துகிருஷ்ணன் புதிதாக அறிவிப்பு அறை கட்டியிருந்தார். அடிக்கடி தேவைப்படும் பத்து அறிவிப்புகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது, மற்றதை அதே ஆள் மைக்கில் பேசுவது என்று ஏற்பாடு. சேலைப் பிரிவில் பதினொரு வருஷமாக நிற்கும் தங்கபுஷ்பம் அந்த வேலையைக் கேட்டிருந்தார். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பது. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, டாக்டர் கண்டிப்பாக உட்காரச் சொல்லியிருந்தார். அறிவிப்பு அறையில் நாற்காலி உண்டு.

“குரலு ரொம்பக் கரகரன்னு இருக்கே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போட்டுப் பாப்போம். சரிப்படலன்னா வெளியில ஆள் பாத்துக்கிடுதேன்” என்றார் முதலாளி.

பதிவு வேலை எனக்குத்தான். அதற்காக என் அறைக்கு வந்த தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எக்கா, இந்தக் கரகரப்ப மட்டும் எப்படியாவது எடுத்துருங்க.”

“அது என் பொறுப்பு” என்றேன். குரலின் மேல், கீழ் ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில், கரகரப்பு இருந்த இடத்தை ஒட்ட வெட்டினேன். அடிக்குரலை ஏற்றிக் கனம் சேர்த்தேன். ஹெட்போனில் கேட்டால் பட்டுதான். தங்கபுஷ்பமே “இது நாந்தானாக்கா?” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, கடையில் முதல் அறிவிப்பைப் போட்டோம். கேட்டது வெறும் முனகல். முதலாளி கூரையை அண்ணாந்து பார்த்து, “பாட்டா ஓடுது?” என்று கேட்டார். தங்கபுஷ்பம் கால் மாற்றி நின்றார். எனக்கு முகம் செத்துப்போனது.

ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் உட்கார்ந்து, தி.நகர் ஞாயிற்றுக்கிழமைக்குக் குரல் தயாரித்திருக்கிறேன்! கூட்டத்தின் இரைச்சல் முழுக்க அடி ஸ்தாயியில்தான் கிடக்கிறது. அவர் குரலையும் கொண்டுபோய் அங்கேயே புதைத்துவிட்டேன்.

“தப்பு என்னுது சார். இவங்க குரல்ல குறை இல்ல. ஒரு மணி நேரம் குடுங்க” என்றேன். ‘தப்பு என்னுது’ என்பது என் வாயில் சுலபமாக வரும் வாக்கியம் அல்ல.

மூன்றாவது மாடிப் படிக்கட்டில், ஸ்பீக்கருக்குக் கீழே, மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஹெட்போனை மூட்டை கட்டி வைத்தேன். அடிக்குரலை வெட்டினேன். எடுத்தெறிந்த கரகரப்பைத் திரும்பக் கொண்டுவந்து, கூடக் கொஞ்சம் ஏற்றியும் வைத்தேன். வாக்கிய முடிவில் அவர் குரல் இறங்கும் இடங்களைக் கம்ப்ரஸரால் தூக்கி நிறுத்தினேன். இப்போது தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் நின்றன.

அதற்குள் மூன்றாம் நம்பர் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அதன் முன்னால் நாற்பது பேர், பையும் குழந்தையுமாக. “ரிப்பேர்னு தொண்ட கிழிய கத்திக்கினு கீறேன் மேடம், ஒர்த்தரும் நவுற மாட்றாங்க” என்றார் லிஃப்ட் ஆபரேட்டர் காதர். பத்து அறிவிப்புகளில் அதுவும் ஒன்று. முதலாளியையும் தங்கபுஷ்பத்தையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, பொத்தானை அழுத்தினேன்.

“மூன்றாம் எண் லிஃப்ட் இயங்கவில்லை. இடதுபுறம் உள்ள படிக்கட்டைப் பயன்படுத்தவும்.”

நாற்பது தலையும் ஒன்றாக இடது பக்கம் திரும்பின. பைகள் நகர்ந்தன. ஒரு நிமிஷத்தில் லிஃப்ட் வாசலில் காதர் மட்டும் நின்றார். “இன்னா வாய்ஸு மேடம் அது!”

“எக்கா, கரகரப்பு அப்படியே இருக்கே” என்றார் தங்கபுஷ்பம் மெதுவாக.

“அதுக்குத்தான் திரும்பினாங்க.”

அவர் நிமிர்ந்த நிமிர்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் கர்வம் தலைக்கேறியது. இந்தத் தடவை பாதி அவருடையது.

அறிவிப்பு அறை மைக்கிலும் அதே அளவுகளை வைத்துக் கொடுத்தேன். தங்கபுஷ்பம் பழக்கதோஷத்தில் நின்றபடியே மைக்கைப் பிடித்தார். முதலாளி நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டார்.

“உக்காந்து பேசு தாயி.”