பச்சை ஒயர் ஓடாத வீடுகள்

விடியும் முன்பே ஹெலன் சுவரைக் கொத்தத் தொடங்கியிருந்தாள். உளி இறங்கும்போதெல்லாம் சிமென்ட் தூசி கண்ணில் அப்பியது. நாக்கில் செங்கல் ருசி. படூரில் எழும்பும் இரண்டாவது அடுக்குமாடியில் சமையலறை ஒயரிங். அவள் கொத்திய தடத்தில் குழாய் பதித்து, கணவன் ஜெபசிங் ஒயர் இழுப்பான். இரண்டே ஒயர். மூன்றாவதாக ஓட வேண்டிய பச்சை எர்த் ஒயர், முதலாளி வாசுதேவனின் மாதிரி வீட்டில் மட்டும்தான் ஓடியது. கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும் ட்ரிப்பரும் அங்கேதான். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் அவருக்கு அலாதிப் பிரியம்.

மற்ற வீடுகளுக்கு ஒரு கைவேலை இருந்தது. நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை வளைத்து பிளக் பலகையின் எர்த் துளையில் மாட்டிவிடுவது. சோதனை பல்பு பளிச்சென்று எரியும். சோதிக்க வந்த அதிகாரி தலையாட்டிவிட்டுக் காபி குடிப்பார். நியூட்ரல் கழன்றால்தான் வினை. அதில் மாட்டிய மெஷினின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும். அது கழலாது, தானே கேரண்டி என்று வாசுதேவன் சொல்லியிருந்தார்.

கழன்றது. ஆட்கள் குடியேறிவிட்ட முதல் கட்டடத்தில் சமையல் வேலை பார்த்த செல்லம்மா, மாவு வழிக்கக் கிரைண்டரில் கை வைத்தாள். எடுக்கவில்லை. நேற்றுத்தான் அடக்கம்.

வெயில் ஏறியதும் வாசுதேவன் வந்தார். பாதுகாப்பு உறுதிமொழி நாளாம். அவர் காரில் வந்த ஹெல்மெட்டுகள் எல்லார் தலையிலும் ஏறின; படம் எடுத்ததும் காருக்கே திரும்பின. உயிரைவிட உயர்ந்தது எதுவுமில்லை என்று குரல் தழுதழுக்கப் பேசினார். அதே மூச்சில், ஜெபசிங் தப்பாக ஒயர் கொடுத்ததால்தான் இந்தத் துயரம், மதியம் போலீஸ் வரும் என்றும் சொல்லி முடித்தார்.

ஹெலன் உளியோடு முன்னால் வந்தாள்.

"துண்டு ஒயர் வெக்கச் சொன்னது யாரு நைனா?"

"ஈரக் கையோட தொட்டா யாருக்கும் ஷாக் அடிக்கும்மா."

"ஈரக் கை இல்லாத சமையல் எந்த வூட்ல நடக்குது? ஒங்க வூட்லயா?"

"அவருக்கு இன்னா தெரியும்? அடுப்பாண்ட போனாத்தான?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து, செல்லம்மா நினைவில் அடங்கியது.

மூத்த ஒயர்மேன் ஏசுபாதம் எழுந்தார். "அவன் ஒருத்தன் வெக்கல. எல்லாருந்தான் வெச்சோம், நீ சொல்லி. பெரிய வண்டியா வரச் சொல்லு."

வாசுதேவன் கத்தினார், திருப்போரூரிலிருந்து வேறு ஆட்களை இறக்குவேன் என்றார். இரண்டு பேர் முதல் கட்டடத்துக்குப் போனார்கள், கிரைண்டரைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்ல. மற்றவர்கள், கரண்ட் கொடுக்காத இந்தக் கட்டடத்தில் வேலை முடிந்த சமையலறைகளுக்குள் நுழைந்து, பிளக் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே இருப்பதையும் பார்க்கட்டும். இரண்டு கட்டடத்துக்கும் பச்சை ஒயர் ஓடும்வரை வேறு வேலை கிடையாது.

கீழே போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஹெலன் ஜெபசிங்கின் பக்கத்தில் போய் நின்று அடுத்த திருகைத் திருப்பினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பெயின்ட் அடிக்கும் பொன்னி. அவள் பின்னால் பெயின்ட்காரப் பெண்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், படிக்கட்டு நெடுக ஆட்கள்.

"எங்களுக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர் குடு, ஹெலன்கா. மேல் மாடிய நாங்க பாத்துக்கறோம்."