ஹோல்ட் விளக்கு

பெட்டியின் முகப்பு நசுங்கியிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் எண்கள் ஒளிர்ந்தன. சோதனைக் கருவி பத்து மைல் என்றது. பெட்டியும் பத்து என்றது.

"டப்பா நல்லாத்தான் இருக்கு" என்றார் விசாரணை அதிகாரி.

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. மகள் ஓட்டிய சிறு விமானம் மலையில் மோதி ஐந்து வாரம் ஆகிறது. இந்தப் பெட்டி தூரத்தைத் தப்பாகக் காட்டியதால்தான் அவள் செத்துப்போனாள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வந்தார்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?"

மாப்பிள்ளைதான் அந்த விமானத்தின் ரேடியோ மெக்கானிக்.

தரை நிலையம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று காட்டும் பழைய பெட்டி அது. சுவிட்சை 'ஹோல்ட்' பக்கம் தள்ளிவிட்டால், விமானி வேறு நிலையத்துக்கு மாறினாலும் அது முந்தைய நிலையத்தின் தூரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சுவிட்ச் ஹோல்டில் கிடந்தது. மேகத்துக்குள் அந்த எண்ணை நம்பித்தான் அவள் இறங்கியிருக்கிறாள்.

"விமானியோட கவனக்குறைவுன்னுதான் எழுதணும்" என்றார் அதிகாரி.

"ஹோல்ட் போட்டா ஒரு மஞ்சள் விளக்கு எரியணும் சார். அது எரியல."

"மோதினதுல போயிருக்கும்."

"இல்ல. மூணு மாசமாவே எரியல. அந்த அளவு பல்ப் எங்கேயும் கிடைக்கல. தெரிஞ்சேதான் பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன்."

உரிமம் போகும் என்று தெரியும். போகட்டும். பழி அவள் தலையிலிருந்து இறங்கினால் போதும்.

அதிகாரி நிமிர்ந்தார். "அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்." சொன்னபோது அவள் சிரித்தாள். 'சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்க எனக்குக் கண்ணு இல்லயா? வேணும்னா நீ பின்னாடி உக்காந்து டார்ச் அடி.' அவனும் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். மெக்கானிக்கின் குற்றம் ஒரு வரி. அடுத்த வரி: விளக்கு பழுது என்று தெரிந்திருந்தும் விமானி சுவிட்சைச் சரிபார்க்கவில்லை.

"நான் சொன்னதுக்கப்புறமும் அவ தப்பா?"

"முன்னாடி வெறும் கவனக்குறைவு. இப்ப தெரிஞ்சே செஞ்சதாகுது. நான் என்ன தம்பி பண்றது?"

மாமனார் எழுந்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

அவன் வெளியே வந்தபோது அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காலையில் அவன் காரில்தான் இருவரும் ஒன்றாக வந்தார்கள்.