படத்துக்கு முந்திய சத்தம்

போக்குவரத்து மேலாளரின் மேசைமேல் வேன் சாவி கிடந்தது. அக்கா கையை நீட்டினால் எட்டிவிடும். ஆனால் அதை அங்கே வைக்கச் சொன்னவர் மேலாளர். எடுக்கச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாற்று ஓட்டுநர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சாயங்கால ஷிப்ட் முடிவதற்குள் யாராவது ஒருவர் அந்தச் சாவியோடு கிளம்பியாக வேண்டும். அது அக்காவா, அவரா என்பதைத் தம்பியின் லேப்டாப் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பிக்குக் குடும்பத்தில் மெகாபிக்சல் என்று பெயர். யார் எதை வாங்கப் போனாலும் தொற்றிக்கொண்டு போய், "இதைவிடப் பெரிசு இல்லையா?" என்று கடைக்காரரைக் கேட்கிற பழக்கத்தால் வந்த பட்டம். அக்கா புருஷன் கிண்டலுக்கு வைத்ததை இவன் விருதுபோல வாங்கி மாட்டிக்கொண்டான். வேலை என்னவோ மருந்துக் கடையில் பில் போடுவதுதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு இவன்தான் கம்ப்யூட்டர் நிபுணன். சொந்தக்காரர் வீட்டு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால்கூட முதல் போன் இவனுக்கு வரும்.

அக்கா அந்தத் தொழிற்சாலையில் ஆள் ஏற்றி இறக்கும் வேனை ஓட்டினாள். அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கடைசியாக இறங்குகிறவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கதவை இழுத்துச் சாத்தி, வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்தத் தட்டு கேட்டால்தான் அவள் கை கியருக்குப் போகும். கேட்காவிட்டால் பின்னால் லாரிக்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள்.

போன வாரம் மழையில், கடைசியாக இறங்கிய, தொழிற்சாலைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காலைக் கீழே வைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது என்று அவர் சொன்னார். இரண்டு தட்டும் கேட்டுத்தான் எடுத்தேன் என்று அக்கா சொன்னாள். இருவருமே பொய் பேசிப் பழக்கமில்லாதவர்கள். இப்படிப்பட்டவர்கள் மோதிக்கொண்டால் விசாரிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான். வேனுக்குள் தம்பி மாட்டிக்கொடுத்த கேமரா ஒன்று இருக்கிறதே என்று அக்காதான் எடுத்துச் சொன்னாள். வீடியோவைக் கொண்டுவருகிறேன் சார், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டு வாங்கிய நாள் இது.

முந்தைய நாள் வீட்டில் அந்த வீடியோவை மெகாபிக்சல் திறந்து பார்த்திருந்தான். பார்த்தான் என்றால், முதல் காட்சியைப் பார்த்தான். கம்பியில் தொங்கிய குடையின் மடிப்பிலிருந்த நூல்வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. 'அடடா, என்ன தெளிவு' என்று தன்னையே மெச்சிக்கொண்ட நேரத்தில் தொட்டிலில் பாப்பா சிணுங்கினாள். மூடிவிட்டான். ஆகவே வீடியோவில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் மற்றவர்களைப் போலவே அவனுக்கும் தெரியாது.

ஸ்டோர்க்காரர் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மெகாபிக்சல் பென் டிரைவைச் செருகி, வீடியோவை ஓட விட்டான்.

படம் வருவதற்குள் லேப்டாப்பிலிருந்து அக்காவின் குரல் வந்துவிட்டது. "என் தம்பி வெச்ச கேமரா, அண்ணே. அவன் கை வெச்சா தப்பாது."

திரையில் ஸ்டோர்க்காரர் சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றார். நின்றார் என்றால், நின்றேவிட்டார். ஒரு துள்ளல்; கதவருகே இருந்தார். இன்னொரு துள்ளல், ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். அங்கே படம் உறைந்தது. சத்தம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தட்டு. எஞ்சின் உறுமல். உடனே படபடவென்று கைகொண்டு அடிக்கிற ஓசை. ஒரு அலறல். அந்தரத்தில் இருந்த கால் அத்தனை நேரமும் அந்தரத்திலேயே இருந்தது. அப்புறம் படம் ஒரே தாவாகத் தாவி, காலியான வாசலையும் கொட்டுகிற மழையையும் காட்டியது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

"கால் படியில இருக்கும்போதே வண்டி கிளம்பிடுச்சேம்மா."

"நான்தான் சொன்னேனே," என்றார் ஸ்டோர்க்காரர். ஜெயித்த குரலில் இல்லை. கட்டுக்குள் வலிக்கிற குரலில்.

மெகாபிக்சலுக்குக் காது சூடானது. படம் திக்குகிறது, சத்தம் முந்திக்கொண்டு போகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை இல்லை என்று விளக்கினான். எது முந்தி எது பிந்தி என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் அவனிடம் இல்லாததுதான் அநியாயம்.

பென் டிரைவ் மெதுவானது சார், உள்ளே ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்றான். ஏற்றினான். "அவன் கை வெச்சா தப்பாது," என்றாள் திரையிலிருந்த அக்கா. கால் மறுபடி அந்தரத்தில் நின்றது. தட்டு, உறுமல், படபடப்பு, அலறல்.

பின்னால் திறந்து கிடந்ததையெல்லாம் மூடினான். மருந்துக் கடைப் பட்டியல், பாப்பாவின் படங்கள், எப்போதோ பார்க்கலாம் என்று திறந்துவைத்துப் பார்க்காமலே விட்ட பக்கங்கள் எல்லாம் போயின. சார்ஜரைச் செருகினான். அக்காவின் குரல் மறுபடி அவனைப் புகழ்ந்தது. கால் மறுபடி நின்றது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டான். வெளியார் பென் டிரைவ் ஏதும் ஏறக்கூடாதென்று அங்கே துளைகளையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். தன் போனில் காட்டலாம் என்றால், அது லேப்டாப்புக்கே மூத்த அண்ணன். அந்த வீடியோவைக் கண்டதுமே கறுத்துப்போயிற்று.

வீடியோவைப் பிரித்து ஓட்டுகிற வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிற அமைப்பு ஒன்று பிளேயரில் உண்டு. அதைத் தேடித் தட்டினான். பலனில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேமரா புதுசு, அது புது முறையில் நெருக்கி மடித்துப் பதிவு செய்கிறது. லேப்டாப்பின் சிப் பழசு; அந்த மடிப்பைப் பிரிக்க அதற்குத் தெரியாது. சுமை மொத்தமும் பிராசஸரின் தலையில்தான் விழுகிறது. கழுதையின் முதுகில் கப்பலை ஏற்றிவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று அவன் வாலை முறுக்கிக்கொண்டிருந்தான். கடையில், "இதைவிடப் பெரிசு இல்லையா?" என்று கேட்டவனும் அவன்தான். இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னபோது அக்கா, "எனக்கு எதுக்குடா அவ்வளவு?" என்று தயங்கினாள். இவன் விடவில்லை.

மாற்று ஓட்டுநர் கதவைத் தட்டி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, நேரமாகிறது சார் என்றார். மேலாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்தக் கை சாவிக்கு ரொம்பப் பக்கத்தில் இறங்கியது.

மெகாபிக்சல் இன்னொரு தடவை ஓட விட்டான். உறைந்து நின்ற அந்தக் காலையே பார்த்தான். நன்றாக மழை. எல்லோரும் இறங்கியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிற அவசரம். ஒருவேளை... ஒரே ஒரு தடவை... அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவில் கைவிட்டதையே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் அவள். அந்த 'ஒருவேளை'யை அப்படியே படித்துவிட்டாள். பார்வையைத் திருப்பிச் சாவியின்மேல் வைத்துக்கொண்டாள்.

லேப்டாப் திக்கியது போதாதென்று அவனும் திக்கிவிட்டான்.

அந்த நேரத்தில் ஒரு விஷயம் அவன் காதில் பட்டது. அதாவது, படவேண்டியது படவில்லை. இத்தனை பாரத்தைத் தூக்குகிற லேப்டாப் பூனைபோலச் சத்தமில்லாமல் இருந்தது. இந்நேரம் அதன் விசிறி மாவு மில் மாதிரி இரைந்திருக்க வேண்டும்.

பாப்பா. அந்த இரைச்சலில் அவள் திடுக்கிட்டு எழுகிறாள் என்று அவன் மனைவி, "ஒண்ணு அது இங்க இருக்கட்டும், இல்ல நீங்க இருங்க," என்று தீர்ப்புச் சொன்ன இரவில், லேப்டாப்பை அமைதி நிலைக்கு மாற்றி வைத்திருந்தான். விசிறி சுற்றாது, சூடேறாமல் இருக்க பிராசஸரும் பாதி வேகத்துக்கு மேல் போகாது. மாற்றியதை மறந்தே போனான். கழுதைமேல் கப்பலை ஏற்றியதோடு, அதன் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தான்.

பாப்பா தூங்கறதுக்காக அமுக்கி வைத்தது என்று சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்தான். விசிறி சீறிக்கொண்டு எழுந்தது. மேலாளர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இப்போது படம் கொஞ்சம் நகர்ந்தது. ஸ்டோர்க்காரர் எழுந்தார், நடந்தார், கதவுக்கு வந்தார். வந்து, கால் அந்தரத்தில்... திக்கியது. முன்பு போல அவ்வளவு நேரம் இல்லை. ஆனால் அந்த இடம் மட்டும் விழுந்த பல்மாதிரி ஓட்டையாகவே இருந்தது. வெளியே கொட்டிய ஒவ்வொரு மழைத்துளியையும் கேமரா பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்ததால், அங்கேதான் சுமை அதிகம்.

"போதும்னு நினைக்கிறேன் தம்பி," என்றார் மேலாளர்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"டேய், அண்ணனோட காலு தெரிஞ்சா போதும்டா. என் மூஞ்சியில எத்தனை மரு இருக்குன்னு இங்க யாரும் கேக்கலை."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் மண்டையில் அது மடார் என்று விழுந்தது. இத்தனை நேரமும் பெரிய படத்தைச் சின்ன வண்டியில் ஓட்டத்தான் பார்த்தானே தவிர, படத்தைச் சின்னதாக்கலாம் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? சிறிசு என்ற வார்த்தையை அவன் பொருள் விஷயத்தில் பயன்படுத்தியதே கிடையாது.

அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, அளவைக் குறைத்து இன்னொரு நகல் எடுக்கிறேன் சார் என்றான். மேலாளரின் முகம் இறுகியது.

"மாத்தப் போறீங்களா?"

"இல்ல சார். அசல் அப்படியே இருக்கும். நீங்க பக்கத்துல உக்காருங்க, உங்க கண்ணு முன்னாலயே செய்யறேன்." கொஞ்சம் எச்சில் விழுங்கினான். "தப்பு என்னோடதுதான் சார். கேமரா பெரிசு, லேப்டாப் சிறிசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகுமான்னு பாக்காம வாங்கவெச்சது நான். அக்கா வேணாம்னுதான் சொன்னா."

மேலாளர் அவனை ஒரு கணம் அளந்தார். பிறகு எழுந்து வந்து, நாற்காலியைப் போட்டு அவன் தோளுக்கருகே உட்கார்ந்தார். ஸ்டோர்க்காரரும் கட்டுக் கையைத் தாங்கியபடி எழுந்து வந்து பின்னால் நின்றார்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. எறும்புகூட அதை முந்திப்போய், திரும்பி வந்து, என்ன ஆயிற்று என்று விசாரித்திருக்கும். விசிறி கதறியது. லேப்டாப்பின் அடிவயிறு தோசைக்கல்லாகக் கொதித்ததில், மெகாபிக்சல் மேசையிலிருந்த ஒரு பேனாவை எடுத்து அடியில் முட்டுக்கொடுத்துக் காற்றுக்கு வழிவிட்டான். பாதியில் கோடு நின்றது. அவன் மூச்சும் நின்றது. மனதுக்குள் லேப்டாப்பிடம், இனி உன்னைப் பழசு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பேரம் பேசினான். கோடு அசைந்தது. பேரம் படிந்தது போலிருக்கிறது.

கோடு முடிந்தது. இந்தத் தடவை அவன் ஓட விடவில்லை. மேலாளரையே தட்டச் சொன்னான்.

படம் மங்கலாகத்தான் இருந்தது. குடையின் நூல் தெரியவில்லை, குடை தெரிந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் தம்பி வெச்ச கேமரா, அண்ணே. அவன் கை வெச்சா தப்பாது." அன்றைக்கு முதல் தடவையாக அந்த வார்த்தைகள் அவள் உதட்டோடு ஒட்டி வந்தன. சொல்லும்போது அவள் சிரித்திருக்கிறாள். அது அவனுக்கு இதுவரை தெரியாது.

ஸ்டோர்க்காரர் எழுந்தார், நடந்தார், ஒரு காலை அந்தரத்தில் நீட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கால் இறங்கியது. அடுத்த காலும் இறங்கியது. கதவு சாத்தப்பட்டது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலைமேல் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் அக்காவின் கை கியருக்குப் போனது. எஞ்சின் உறுமி வண்டி நகர, வெளியே நின்றவர் மெல்லப் பின்னால் போய் மறைந்தார். உள்ளே, காலியான சீட்டின் கம்பியில், குடை அப்படியும் இப்படியும் ஆடியது.

சட்டென்று கதவுக் கண்ணாடியில் அவர் மறுபடி தோன்றினார். ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு கை குடையைச் சுட்டிக்காட்ட, மறு கை படபடவென்று வண்டியை அடித்தது. அக்கா திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தாள். அதற்குள் ஈரத்தில் அவர் கால் வழுக்கிவிட்டது. அலறல்.

படம் முடிந்த பிறகும் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"குடை," என்றார் ஸ்டோர்க்காரர் மெதுவாக. "குடையை விட்டுட்டேன்." கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். "கையி வண்டிமேல இருந்தது, வண்டி போச்சு, நான் தரையில கிடந்தேன். அவ்வளவுதான் தம்பி என் ஞாபகத்துல இருந்தது. நடுவுல இருந்தது போயிடுச்சு. அதான் காலை வைக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன். என் மண்டையும் உன் பொட்டி மாதிரிதான் போலிருக்கு." அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா."

அக்கா தலையை ஆட்டினாள். மேலாளர் சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு கதவைத் திறந்து, மாற்று ஓட்டுநரை டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

சாவி கைக்கு வந்ததும் அக்கா விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடை இன்னும் வண்டியிலதான் இருக்கு, அண்ணே," என்றாள். "வாங்க, அப்படியே உங்களை வீட்டுல இறக்கிடறேன். இந்தத் தடவை நான் இறங்கி வந்து கதவைச் சாத்தறேன்."

மெகாபிக்சல் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். 'உன்னைச் சந்தேகப்பட்டேன்' என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல ஒரு வழி இருந்தால் தேவலை. கேமராவின் அளவைக் குறைத்து வைத்துவிடுகிறேன் அக்கா, நடுத்தரம் போதும் என்றான். அவன் வாயிலிருந்து 'நடுத்தரம்' வந்ததைக் கேட்டு அவள் ஒரு கணம் நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவே மன்னிப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

"போடா," என்றாள். "போன உடனே அந்த விசிறியை அமுக்கி வெச்சிடு. பாப்பா எழுந்துக்கப் போறா."

வேன் கிளம்புகிற இடத்தில் அவன் நின்றான். ஸ்டோர்க்காரர் உள்ளே உட்கார்ந்துவிட்டார். அக்கா சுற்றி வந்து கதவைச் சாத்தி, ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் கிளம்பவில்லை என்று அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

அருகே போய், வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினான். அவள் கை கியருக்குப் போனது.