காசிமாயன் பிடிக்காத போல்ட்

கப்பலூரில் லாரிப் பட்டறை நடத்தும் நல்லகாமன், துருவேறி இறுகிய போல்ட்டின்மேல் டீசலை ஊற்றிவிட்டு, இரண்டு தம்ளர் தேநீர் குடித்து முடிக்கும்வரை அதனைத் தொடமாட்டார். பின்னர் நட்டில் ஸ்பானரை மாட்டி, "புடி மாப்ள" என்பார். உடனே லாரியின் அடியில் கிடக்கும் மற்றொரு ஸ்பானர் தானே எழுந்து போல்ட்டின் தலையைப் பற்றிக்கொள்ளும். பிடிப்பவன் அவருடைய தங்கை ராமக்காளின் கணவன் காசிமாயன். அவன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பாரம் தாங்கும் வில்பட்டைகளைக் கழற்றுவது இருவர் வேலை. மறுபுறம் ஒருவர் பிடிக்காவிடில் நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். ஆகையால் அவன் வருகையை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. "எங்க ஓனருக்கு உசுரோட இருக்கவனே ஒழுங்கா வேலைக்கு வர மாட்டேங்கிறான். ஒனக்குச் செத்தவன் வர்றான். குடுத்து வச்சவருண்ணே நீ" என்று லாரி ஓட்டும் வீரணன் மட்டும் வந்தபோதெல்லாம் சொல்வான்.

காசிமாயன் இறந்ததும் இத்தகைய வேலையின்போதுதான். "புடி மாப்ள" என்றால் அடியிலிருந்து "அடி மச்சான்" என்று விடை வரவேண்டும். வந்த பின்னரே ஸ்பானரில் குழாயைச் செருகி அழுத்தவேண்டும். அன்று விடை வந்ததென்றும், பிறகு அவன் கைபேசியைப் பார்த்துப் பிடியை விட்டானென்றும், ஸ்பானர் சுழன்று நெற்றியில் அடித்ததென்றும் நல்லகாமன் எல்லாரிடமும் சொன்னார். விடை வரவேயில்லை என்பது அவர் ஒருவருக்கே தெரியும். திருமங்கலத்தில் காசிமாயனின் தந்தை மொக்கையன், கவனங்கெட்டுச் செத்தவன் படம் தம் வீட்டுச் சுவருக்கு வேண்டாவென்று சொல்லிவிட்டார். அவ்வீட்டிலேயே ராமக்காளும் வாழ்ந்துவந்தாள்.

இவ்வாண்டு வைகாசியில், காசிமாயன் அடியில் கிடந்து இறந்த அதே லாரியை வீரணன் கொணர்ந்து நிறுத்தினான். பழுது அதே பட்டையில், அதே போல்ட்டில். "புடி மாப்ள" என்றார் நல்லகாமன். ஸ்பானர் அசையாமல் கிடந்தது. இரண்டு நாள் டீசலில் ஊறியும் போல்ட் இளகவில்லை. அறுத்த ரம்பங்கள் பல்லிழந்தன. எரிவாயுத் தீயில் சுற்றியிருந்த இரும்பெல்லாம் சிவந்தபோதும், அது மட்டும் பானைத் தண்ணீரைப்போல் குளிர்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் முதல் ஓட்டுநர்கள் தண்ணீர்ப் புட்டிகளை அதில் கட்டித் தொங்கவிட்டார்கள். மோர் விற்பவள் தன் பானையை அதன் அடியிலேயே வைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு நான்காம் நாள் உச்சிவேளையில் ராமக்காள் பேருந்தில் வந்திறங்கினாள். லாரியருகே குந்தி அடியில் எட்டிப் பார்த்தாள்.

"மூணு வருசமா இங்கனதான் கெடக்கீகளா? பஸ்சு ஏறுனா அரை மணி நேரம். வீட்டுக்கு வர வழி தெரியலையாக்கும்?"

போல்ட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உடனே எடுத்துக்கொண்டாள். பிறகு தமையனிடம் திரும்பினாள்.

"அண்ணே, அன்னைக்கு இவுக 'அடி மச்சான்'னு சொன்னாகளா?"

நல்லகாமன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இல்ல தாயி. நான் காத்திருக்கல. மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அவசரப்பட்டுட்டேன்."

"அப்ப போனு?"

"சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

அவள் அழவில்லை. "நான் இவுகள எம்புட்டு நாளு வஞ்சிருக்கேன் தெரியுமா? எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? பெத்தவருகிட்டப் போயிச் சொல்லு" என்று எழுந்தவள், மோர்க்காரி கொடுத்த மோரையும் வாங்காமல் பேருந்து நிறுத்தத்திற்கு நடந்தாள்.

அவர் மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்த்தார். ஸ்பானர் எழவில்லை.

"இப்ப என்னண்ணே செய்யுறது?" என்று கேட்டுக்கொண்டே வீரணன் தன் புட்டியையும் போல்ட்டில் கட்டினான்.

நல்லகாமன் கைகளை டீசலில் கழுவித் துடைத்தார்.

"வண்டி கெடக்கட்டும்" என்றார். "நான் திருமங்கலம் போறேன். மொக்கையன் மாமாகிட்டச் சொல்லிட்டு வாரேன்."